கட்டியில்லாத புற்று

எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவர் மூச்சு வாங்குகிறது என்று வருகிறார். சில வாரங்களாகக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை இறங்கிக்கொண்டே போகிறது. எக்ஸ்ரேயில் நெஞ்சின் ஒரு பக்கம் பாதிவரை வெள்ளையாகத் தெரிகிறது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது. நம் ஊரில் எந்த மருத்துவமனையானாலும் அடுத்து வரும் பெயர் காசநோய்தான். பெரும்பாலும் அதுவே சரியாகவும் இருக்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை இன்றும் அதிகமாகப் பறிப்பது காசநோய். எனவே மாத்திரை தொடங்கப்படும், பலருக்கு நீர் வற்றும். மிகச் சிலருக்கு வற்றாது. ஊசி போட்டு எடுத்தால் மறுபடியும் கோக்கும். அந்த நீரில் கொஞ்சத்தைச் சுழற்றிப் படிய வைத்து, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், காசநோய் நீரில் வழக்கமாகத் தென்படும் சின்னச்சின்ன வெள்ளணுக்களுக்குப் பதிலாக வேறொன்று இருக்கும். ஒவ்வொரு அணுவும் பெரியது, உட்கரு கோணல்மாணலானது. எல்லாமே புற்றணுக்கள். ஆனால் ஸ்கேனில் கட்டி என்று சுட்டிக்காட்ட ஒன்றும் அகப்படாது. புற்றுநோய் முழுவதும் அந்த நீரிலேயே மிதந்துகொண்டிருக்கிறது.

இதன் பெயர் பிரைமரி எஃப்யூஷன் லிம்போமா. நுரையீரல் உறை, இதய உறை, வயிற்றறை ஆகிய இடங்களில் நீராகவே தேங்கும் நிணநீர்ப் புற்றுநோய். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் லிம்போமாக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு இந்த வகை என்று பாடநூல்கள் சொல்கின்றன. அந்தக் கணக்கை எல்லா நாட்டுக்கும் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு விசித்திரம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் இந்தப் புற்றணுக்களைப் பிளந்து டி.என்.ஏ.வைத் தேடினால் அதற்குள் பொதுவாக எச்.ஐ.வி. இருக்காது. எச்.ஐ.வி. நுழைவது சி.டி.4 என்ற புரதத்தைத் தாங்கிய டி செல்களில். லிம்போமாவாக மாறுபவையோ பெரும்பாலும் பி செல்கள், அதாவது எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கும் வேறொரு வெள்ளணு இனம். புற்றணுவுக்குள் போகாத ஒரு வைரஸ் எப்படிப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மூன்று கண்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது.

கதை தொடங்குவது எய்ட்ஸுக்கு முன்னால், உகாண்டாவில். 1957இல் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் டெனிஸ் பர்கிட் என்ற ஐரிஷ் அறுவை மருத்துவர், தாடையின் இருபுறமும் வீங்கிய ஒரு சிறுவனைப் பார்த்தார். பிறகு அதே போன்ற குழந்தைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தார்கள். 1961இல் இரண்டு நண்பர்களுடன் ஒரு பழைய ஸ்டேஷன் வேகனில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பத்தாயிரம் மைல் சுற்றி, எந்த ஊரில் இந்தக் கட்டி உண்டு, எங்கே இல்லை என்று விசாரித்துக் குறித்தார். அந்த வரைபடம் மலேரியா பரவியிருக்கும் சூடான, ஈரமான பகுதிகளோடு பொருந்தியது. அதே ஆண்டு லண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்க வந்திருந்தவர்களில் ஒருவர் ஆன்டனி எப்ஸ்டீன். கோழிகளுக்குப் புற்றுநோய் தரும் வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தவர் என்பதால் மனிதருக்கும் அப்படி ஒன்று இருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது. கம்பாலாவிலிருந்து கட்டித் துண்டுகளை விமானத்தில் வரவழைக்க ஏற்பாடு செய்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஒன்றும் அகப்படவில்லை. 1963 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மூடுபனியால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டு, மாதிரி லண்டனுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. துண்டு மிதந்த திரவம் கலங்கியிருந்தது. பாக்டீரியா புகுந்து கெட்டுவிட்டது என்று கொட்டியிருக்கலாம். கொட்டுமுன் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார் எப்ஸ்டீன். பாக்டீரியா இல்லை. பயணக் குலுக்கலில் கட்டியிலிருந்து உதிர்ந்த புற்றணுக்கள் உயிரோடு மிதந்துகொண்டிருந்தன. துண்டாக வைத்தபோதெல்லாம் வளர மறுத்த அணுக்கள் திரவத்தில் மிதக்கவிட்டதும் பெருகின. 1964 பிப்ரவரியில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸ் தெரிந்தது. எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவோன் பார் மூவரும் எழுதிய கட்டுரை மார்ச்சில் வெளிவந்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக இ.பி.வி. மனிதப் புற்றுநோயில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் வைரஸ் இது.

அதைவிடத் திகைப்பான செய்தி பிறகு வந்தது. வயதுவந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள். இதைப் படிக்கும் உங்களுக்கும் எழுதும் எனக்கும் அநேகமாக உண்டு. சிறு வயதில் எச்சில் வழியே வந்து, பி செல்களுக்குள் குடியேறி, சாகும்வரை அங்கேயே இருக்கும். அதைத் தலையெடுக்கவிடாமல் டி செல்கள் ஆயுள் முழுக்கக் கண்காணிக்கின்றன. பெரும்பாலோருக்கு அதோடு முடிந்தது.

இப்போது சான் ஃபிரான்சிஸ்கோ. உகாண்டா புற்றுநோய் நிறுவனம் 1967இல் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராக இருந்தவர் ஜான் சீக்லர் என்ற அமெரிக்கர். குழந்தைகளின் அந்தத் தாடைக் கட்டிக்கு, அதாவது பர்கிட் லிம்போமாவுக்கு, வேதிச்சிகிச்சை அளிப்பதில் கைதேர்ந்தவர். ஊர் திரும்பிய அவர், 1980களின் தொடக்கத்தில் தன்பால் ஈர்ப்புள்ள சில ஆண்களுக்கு வந்த லிம்போமாவைப் பார்த்தபோது, ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் பார்த்த அதே சாயல் அதில் இருந்தது. 1982இல் அவரும் சகாக்களும் அதை எழுதினார்கள். வேறு யாராவது பார்த்திருந்தால் அதை இன்னொரு லிம்போமா என்று கடந்து போயிருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். உகாண்டாவில் பழகிய கண் சான் ஃபிரான்சிஸ்கோவில் உதவியது. 1985இல் தீவிர வகை லிம்போமாக்கள் எய்ட்ஸின் அடையாள நோய்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலா செல்லப்பனும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை வெளிக்கொண்டு வந்தார்கள்.

எச்.ஐ.வி. இதில் என்ன செய்கிறது? காவலில் நிற்கும் டி செல்களைக் கொல்கிறது என்பது பாதி விடை. மீதிப் பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குடலின் உட்சுவரில் இருக்கும் சி.டி.4 செல்களை எச்.ஐ.வி. தொடக்கத்திலேயே அழிப்பதால் குடல் பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. பி செல்கள் ஓயாமல் உசுப்பேற்றப்படுகின்றன. உசுப்பேறிய பி செல் இரண்டு காரியம் செய்யும். ஒன்று, வேகமாகப் பெருகும். மற்றது, மேலும் பொருத்தமான எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டி மாற்றி ஒட்டும். உடம்பில் வேறெந்த அணுவும் துணியாத காரியம் இது. வெட்டும் வேலை நாள்கணக்கில் நடந்தால் ஒட்டும் வேலை எப்போதாவது தவறும். வளர்ச்சியைத் தூண்டும் மிக் என்ற மரபணு, எதிர்ப்பொருள் மரபணுவின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டால் அதை அணைக்க ஆளில்லை. பர்கிட் லிம்போமா பிறப்பது அப்படித்தான். ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் பி செல்களை உசுப்பும் வேலையை மலேரியா செய்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் எச்.ஐ.வி. செய்தது.

இ.பி.வி.யால் எல்லாமே விளங்கிவிட்டதா என்றால், இல்லை. 1989இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் எய்ட்ஸ் நோயாளிகள் மூவரின் வினோதப் புற்றுநோயை விவரித்தார்கள். பி செல்லுக்குரிய அடையாளப் புரதமும் இல்லை, டி செல்லுக்குரியதும் இல்லை. மரபணுவைப் பார்த்த பிறகே அது பி செல் என்று தெரிந்தது. உடற்குழிகளில் நீராகத் தேங்கும் இந்த வகையில் இ.பி.வி. பெரும்பாலும் இருந்தது. ஆனால் பர்கிட்டில் தவறாமல் காணும் மிக் மரபணு இடமாற்றம் இதில் இல்லை. அப்படியானால் இதை ஓட்டுவது எது?

பதில் வேறு வாசல் வழியாக வந்தது. எய்ட்ஸின் இன்னொரு முகம் கபோசி சார்கோமா, தோலில் கருஞ்சிவப்புத் திட்டுகளாகப் படரும் புற்று. வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி 1872இலேயே விவரித்த நோய். அது எச்.ஐ.வி. உள்ள எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் வரவில்லை. ரத்தம் ஏற்றியதால் எச்.ஐ.வி. வந்தவர்களிடம் குறைவு, தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களிடம் மிக அதிகம். எச்.ஐ.வி.யோடு சேராமல் தனியாகப் பரவும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்ற ஊகம் பலருக்கு இருந்தது. நோய்த்திசு ஆய்வாளர் யுவான் சாங்கும் அவர் கணவர், தொற்றியல் ஆய்வாளர் பாட்ரிக் மூரும் அதைத் தேடினார்கள். ஒரே நோயாளியின் புற்றுத்திட்டிலிருந்தும் நல்ல தோலிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்து, இரண்டிலும் பொதுவாக இருப்பதையெல்லாம் கழித்துவிடும் முறையைக் கையாண்டார்கள். ஒரு தெருவின் பழைய வாக்காளர் பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் உள்ள பெயர்களை அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் புதிதாகக் குடிவந்தவர் பெயர் மட்டும் மிஞ்சும் அல்லவா, அதுபோல. மிஞ்சியவை இரண்டு சிறு துண்டுகள். எந்த மனித மரபணுவோடும் பொருந்தாமல், ஹெர்பிஸ் வைரஸ்களோடு உறவு காட்டின. 27 கபோசித் திசுக்களில் 25இல் அவை கிடைத்தன. 1994 டிசம்பரில் கட்டுரை வெளியானது. அந்த வைரஸ்தான் கே.எஸ்.எச்.வி. என்று சுருக்கிச் சொல்லப்படும் கபோசி சார்கோமா ஹெர்பிஸ் வைரஸ், மனித ஹெர்பிஸ் வைரஸ்களில் எட்டாவது. இ.பி.வி.க்குப் பங்காளி முறை.

எத்தல் செசர்மன் அந்தக் குழுவில் இருந்தவர். எய்ட்ஸ் நோயாளிகளின் சில லிம்போமாக்களிலும் அதே துண்டுகள் தென்பட்டதைக் கவனித்து, 193 லிம்போமாக்களைச் சோதித்தார். எட்டில் மட்டும் வைரஸ் இருந்தது. அந்த எட்டுமே உடற்குழி நீரில் வளர்ந்தவை, மற்ற வகைகளில் ஒன்றுகூட இல்லை. 1995இல் இதை வெளியிட்டபோது, கபோசித் திட்டில் இருப்பதைவிட 40 முதல் 80 மடங்கு அதிகமாக வைரஸ் டி.என்.ஏ. இந்த அணுக்களில் இருப்பதாகவும் அவர்கள் எழுதினார்கள். மருத்துவ ஆய்வில் இவ்வளவு துல்லியமான பிரிவு அபூர்வம். எதையோ தேடப்போய் வேறொரு நோயின் முகவரி கையில் கிடைத்தது.

கே.எஸ்.எச்.வி. செய்யும் வேலையைப் படிக்கும்போது திருட்டுக்கதை படிப்பது போலிருக்கும். பரிணாமத்தின் நெடும் ஓட்டத்தில் அது தான் தங்கிய உயிரினங்களிடமிருந்து பல மரபணுக்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. அணுவைப் பிரியத் தூண்டும் சைக்ளின் புரதத்துக்கு அதனிடம் சொந்தப் பிரதி உண்டு. அணு தற்கொலை செய்துகொள்ளாமல் தடுக்கும் புரதமும் உண்டு. இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சித் தூதுப்பொருளின் பிரதியும் உண்டு. இந்தக் கடைசிச் சரக்கு ரத்தக் குழாய்களைக் கசிய வைப்பதில் பங்கெடுக்கிறது. நெஞ்சில் நீர் ஊறுவதன் ரகசியத்தில் ஒரு பகுதி அங்கே. லானா என்ற இன்னொரு புரதம் வைரஸின் டி.என்.ஏ.வை மனிதக் குரோமோசோமோடு கட்டி வைக்கிறது. அணு இரண்டாகும் ஒவ்வொரு முறையும் வைரஸும் பங்கு பெற்றுவிடும். போதாக்குறைக்கு, கெட்டுப்போன அணுவை நிறுத்தும் பி53 புரதத்தையும் லானா முடக்குகிறது. மிக் மரபணு இடம் மாற வேண்டிய அவசியம் இதில் ஏன் இல்லை என்பதும் இங்கே விளங்கும். தேவையான கருவிகளை வைரஸே கொண்டுவந்துவிட்டது.

இதே வைரஸ் பல மையக் காஸில்மன் நோய் என்ற ஒன்றையும் தருகிறது. கண்டிப்பாகச் சொன்னால் அது லிம்போமா இல்லை, ஆனால் லிம்போமாவுக்கு வாசற்படி. காய்ச்சல் அலை அலையாக வரும், நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கும், ரத்த அணுக்கள் குறையும், சில நாள் தானாக அடங்கி மறுபடி கிளம்பும். இதையும் காசநோய் என்று எண்ண எல்லா நியாயமும் உண்டு. சரியாக இனங்கண்டால் ரிடுக்சிமாப் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய் என்பதால், தவறவிடுவது கூடுதல் வருத்தம்.

இந்தியாவைப் பொறுத்தவரை கே.எஸ்.எச்.வி. பரவல் குறைவு. கபோசி சார்கோமா இங்கே எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அரிதாகவே காணப்படுகிறது. நம் மருத்துவர்கள் அதிகம் விழிப்போடு இருக்க வேண்டியது இ.பி.வி. சார்ந்த வகைகளில்தான். அவற்றில் ஒன்று பிளாஸ்மாபிளாஸ்டிக் லிம்போமா. 1997இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 16 நோயாளிகளை விவரித்தபோது 15 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. எல்லாமே வாய்க்குள் வந்தவை. ஈறு வீங்கும், பல் ஆடும், பல்லைப் பிடுங்கிய குழி ஆறாது. அதனால் நோயாளி முதலில் போவது பல் மருத்துவரிடம். சிலருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவருவதே இந்த ஈறு வீக்கத்தின் பயாப்சி மூலம்தான். பி செல்லின் வழக்கமான அடையாளமான சி.டி.20 புரதம் இதிலும் இருக்காது. அந்த ஒரு சாயத்தை மட்டும் போட்டுப் பார்க்கும் ஆய்வகம் இதை லிம்போமா இல்லை என்று தள்ளிவிடலாம், மைலோமா என்று குழம்பலாம். எஃப்யூஷன் லிம்போமாவுக்கும் இதே சிக்கல். இரண்டுமே பி செல் தன் அடையாளங்களைக் கழற்றிவிட்டு எதிர்ப்பொருள் தொழிற்சாலையாக மாறப்போகும் கட்டத்தில் புற்றாகிப் போனவை. சி.டி.20ஐக் குறிவைக்கும் ரிடுக்சிமாப் இவற்றில் பொதுவாகப் பயன்படாததும் அதனாலேயே.

1996இல் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபிறகு நிலவரம் மாறியது, ஆனால் ஒரே சீராக மாறவில்லை. மூளையில் வரும் லிம்போமா சி.டி.4 எண்ணிக்கை 50க்கும் கீழே போனவர்களுக்கு வருவது, கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இ.பி.வி. இருக்கும். அது செங்குத்தாகச் சரிந்தது. கபோசியும் சரிந்தது. பர்கிட் அவ்வளவாகக் குறையவில்லை, ஏனென்றால் அது சி.டி.4 ஓரளவு நன்றாக இருக்கும்போதே வரக்கூடியது. ஹாட்ஜ்கின் லிம்போமா இன்னும் வேடிக்கை. அதன் புற்றணுக்கள் மிகச் சில, தம்மைச் சுற்றி ஒரு கூட்டம் சி.டி.4 செல்களைச் சேர்த்துக்கொண்டு அவற்றின் தயவில் வாழ்பவை. எனவே எதிர்ப்பாற்றல் அடிமட்டத்தில் இருப்பவர்களைவிட இடைப்பட்ட நிலையில் இருப்பவர்களிடம் அது கூடுதலாகத் தென்படுகிறது. எதிர்ப்பாற்றல் குறைந்தால் புற்றுநோய், கூடினால் நலம் என்ற எளிய கணக்கு இங்கே எடுபடுவதில்லை.

சிகிச்சையிலும் ஒரு பழைய பயம் விலகியிருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர் தாங்கமாட்டார் என்று முன்பு வேதிமருந்தின் அளவைக் குறைத்தார்கள். இப்போது எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்தாமலே முழு அளவில் தருகிறார்கள், பல லிம்போமாக்களில் முடிவு எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு நிகராக இருக்கிறது. கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று உண்டு. ரிட்டோனவிர் சேர்ந்த பழைய கூட்டு மருந்துகள் கல்லீரலில் வின்கிறிஸ்டின் என்ற வேதிமருந்து சிதைவதைத் தடுப்பதால் நரம்புப் பாதிப்பு கடுமையாகும். டாலுடெக்ராவிர் அடங்கிய இன்றைய மாத்திரைகளில் அந்தத் தொல்லை இல்லை. எஃப்யூஷன் லிம்போமா மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. பழைய ஆய்வுத் தொடர்களில் நோயாளிகளில் பாதிப்பேர் ஆறு மாதத்தைத் தாண்டவில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அண்மைக்காலத் தொடரில் அது 22 மாதமாகியிருக்கிறது, நெடுங்காலம் பிழைத்தவர்களும் அதில் கணிசமாக உண்டு.

இனி அந்த நூற்றுக்கு நான்கு. அது பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவமனைகளின் கணக்கு. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் கே.எஸ்.எச்.வி. மிகப் பரவலாக இருக்கிறது, எச்.ஐ.வி.யும் அங்கேதான் அதிகம். எஃப்யூஷன் லிம்போமா அங்கே குவிந்திருக்க வேண்டும். பதிவாகியிருப்பதோ மிகச் சொற்பம். நோய் அங்கே ஏதோ காரணத்தால் ஒதுங்கி நிற்கிறது என்று நம்புவதைவிட, நெஞ்சு நீர் அங்கே காசநோய் மருந்தோடு முடிந்துபோகிறது, ஆய்வகத்தை எட்டுவதில்லை என்று நம்புவது எளிது. ஆய்வாளர்கள் பலரின் ஐயமும் இதுவே.

எட்டினாலும் போதாது. நீரில் உள்ள அணுக்களைத் திரட்டி மெழுகில் பதித்து, லானாவுக்கான சாயம் போட வேண்டும். உட்கருக்களில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் நோய் உறுதி. ஆனால் அந்தச் சாயத்தை எந்த ஆய்வகமும் எல்லா நெஞ்சு நீருக்கும் போடுவதில்லை, போடச் சொல்வதும் நியாயமில்லை. நோயாளிக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால்தான் நோய்த்திசு ஆய்வாளருக்கு அது நினைவுக்கே வரும். நம்மிடம் பலமுறை அந்தத் தகவல் மாதிரியோடு போகும் சீட்டில் எழுதப்படுவதில்லை. நோயாளி பயந்து மறைப்பார், அல்லது வார்டில் இருப்பவர் கூச்சப்பட்டு விட்டுவிடுவார். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கிறது. சிகிச்சைக்குத் தேவைப்படும்போது, அவரைக் கவனிக்கும் ஒரு மருத்துவப் பணியாளர் இன்னொருவருக்கு அதைத் தெரிவிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. ஊர் பார்க்கும் பலகையிலோ கட்டிலின் தலைமாட்டிலோ எழுதக் கூடாத அந்த வரி, ஆய்வகத்துக்குப் போகும் மூடிய சீட்டில் இருந்தாக வேண்டும்.